9ஆம் வகுப்பில் இரண்டு செட்டு, ஒட்டவே மாட்டேன் என்கிறார்கள்: கல்விச் சுற்றுலாவால் மாறுமா?

வகுப்பாசிரியை_திருச்சி

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் வரை 8அ, 8ஆ என்று தனித்தனியாக இருந்த பிள்ளைகளை இந்த ஜூனில் ஒரே வகுப்பாக்கிவிட்டார்கள். மொத்தம் 44 பேர். அ பிரிவிலிருந்து 22, ஆ பிரிவிலிருந்து 22. பெண் பிள்ளைகள் 24, பையன்கள் 20. ஆறு மாதம் ஆகிறது, நடுவிலுள்ள நடைபாதையைத் தாண்டி ஒருத்தரும் உட்காருவதில்லை. மதியம் சாப்பாட்டுக்கு இரண்டு வட்டம். சண்டை கிடையாது, பேச்சும் கிடையாது. ஆ பிரிவுப் பிள்ளை ஒன்று போர்டில் தப்பாகப் போட்டால் அந்தப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வரும், அதுதான் இவர்களுக்குள் இருக்கிற ஒரே போக்குவரத்து.

ஜனவரி கடைசியில் ஒரு நாள் சுற்றுலா. விடிகாலை திருச்சியில் கிளம்பி, மேலூர் பக்கம் அரிட்டாபட்டி பார்த்துவிட்டு, மதியம் கீழடி அருங்காட்சியகம், ராத்திரி வீடு. ஹெச்.எம். சம்மதம் கிடைத்துவிட்டது. ஆனால் சும்மா கூட்டிக்கொண்டு போய் வந்தால் பஸ்ஸிலும் இரண்டு செட்டாகத்தான் உட்காருவார்கள் என்று தெரிகிறது. குழு எப்படிப் பிரிப்பது, என்ன வேலை கொடுப்பது, எங்கே சொதப்பும்? செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

---

பாறை_எழுத்து

நல்ல இடங்களாகத்தான் தேர்ந்திருக்கிறீர்கள் டீச்சர். உங்கள் சந்தேகமும் சரி. சேர்ந்து போவதால் மட்டும் யாரும் சேர மாட்டார்கள். 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முசாபர் ஷெரீப் என்ற உளவியலாளர் 11 வயதை ஒட்டிய 22 பையன்களை இரண்டு அணியாகப் பிரித்து முகாம் நடத்தினார். போட்டிகள் வைத்ததும் இரண்டு அணிக்கும் ஆகாமல் போனது. சமாதானம் செய்ய ஒரே கூடத்தில் சாப்பாடு போட்டார்கள், ஒன்றாக உட்கார வைத்துப் படம் காட்டினார்கள். பலன் இல்லை, சாப்பாட்டை எடுத்து ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள். அப்புறம் முகாமுக்குத் தண்ணீர் நின்றபோது இரண்டு அணியும் சேர்ந்து குழாய் வழியைத் தேட வேண்டியிருந்தது. லாரி கிளம்பாதபோது கயிறு கட்டி இழுத்தார்கள். முன்பு ஒருவரையொருவர் எதிர்த்து வடம் இழுத்த அதே கயிறு! கடைசி நாள் ஒரே பஸ்ஸில் திரும்பலாம் என்று பையன்களே கேட்டார்கள்.

ஆகவே உங்கள் திட்டத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே கேள்விதான்: இந்தப் பிள்ளை கையில் இருப்பது அந்தப் பிள்ளைக்குத் தேவைப்படுகிறதா? தேவைப்பட்டால் பேச்சு தானாக வரும். இதற்காகப் பொய்யாக ஒரு நெருக்கடியை உண்டாக்காதீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், அதோடு உங்கள்மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும்.

அரிட்டாபட்டிக்கு ஒரு வேலை சொல்கிறேன். சமணர் கற்படுக்கைகளை, அதாவது சமணத் துறவிகள் படுக்கப் பாறையில் வெட்டிய படுக்கைகளை, அளந்து வரைய வேண்டும். குழுவுக்கு ஒரு தையல் இஞ்ச் டேப், ஒரு அட்டை, ஒரு பென்சில். இவ்வளவுதான். ஆளுக்கொன்று கொடுத்தால் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துவிடுவார்கள். தையல் டேப் 150 சென்டிமீட்டர். படுக்கையோ ஓர் ஆள் நீட்டிப் படுக்கும் அளவு. டேப் முடிகிற இடத்தில் ஒரு பிள்ளை விரலை வைத்து அசையாமல் பிடிக்க வேண்டும், இன்னொரு பிள்ளை அந்த விரலிலிருந்து டேப்பைத் திரும்பப் போட வேண்டும், மூன்றாவது கூட்டிச் சொல்ல வேண்டும், நான்காவது எழுத வேண்டும். "விரலை எடுக்காதே, எடுக்காதே" என்று அ பிரிவுப் பிள்ளை ஆ பிரிவுப் பிள்ளையிடம் கத்துகிற அந்த நிமிஷத்துக்காகத்தான் இத்தனை தூரம் போகிறீர்கள். ஐந்து மீட்டர் டேப் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு படுக்கைக்கும் வேலையை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் கையெழுத்து அழகான பெண்ணே கடைசி வரை எழுதுவாள், பையன் டேப்பை விடமாட்டான். விசில் ஊதினால் அட்டை இடது பக்கம் நகர வேண்டும் என்று பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள்.

தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டைத் தொடக் கூடாது, எழுத்து தெரிய வேண்டுமென்று சாக்பீஸ், மாவு எதுவும் தேய்க்கக் கூடாது. பார்த்து வரைந்தால் போதும். தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பமும், குடைவரைச் சிவன் கோயிலில் சிவனின் அவதாரமாகச் சொல்லப்படும் லகுலீசர் சிற்பமும் இருக்கின்றன. எல்லாவற்றையும் அளக்க வேண்டாம், இரண்டு படுக்கை போதும்.

---

கணக்கு_சார்

குழு பிரிப்பது பற்றி. சீட்டுக் குலுக்கல் நியாயமாகத் தெரியும், ஆனால் பலன் தராது. 44 பேரைக் குலுக்கினால் மூன்று அ, ஒரு ஆ என்று சில குழுக்கள் கட்டாயம் விழும். அந்த ஒற்றைப் பிள்ளை நாள் முழுக்க வாயைத் திறக்காது. ஆகவே நான்கு பேர் கொண்ட 11 குழு, ஒவ்வொன்றிலும் இரண்டு அ, இரண்டு ஆ. பத்துக் குழுவில் இரண்டு பெண் இரண்டு பையன், ஒன்றில் நான்கும் பெண்கள். 24-ம் 20-ம் சரியாக வந்துவிடும். ஒரு குழுவில் ஒரே ஒரு பெண் என்று வைக்கவே வைக்காதீர்கள்.

யார் யாரோடு என்பதற்கு மூன்று வாரம் முன்னாலேயே ஒரு வேலை செய்ய வேண்டும். ஆளுக்கொரு துண்டுத் தாள். "சுற்றுலாவில் யாரோடு சேர்ந்து வேலை செய்யப் பிடிக்கும்? மூன்று பெயர்." அவ்வளவுதான் கேள்வி. "யாரைப் பிடிக்காது?" என்று கேட்கக் கூடாது. கேட்ட அன்று சாயங்காலமே அது பள்ளி முழுக்கப் பரவி, நீங்கள் கட்ட நினைத்ததை உடைத்துவிடும். வீட்டில் உட்கார்ந்து ஒரு பெரிய தாளில் 44 பெயரையும் எழுதி அம்புக்குறி போடுங்கள். மொத்தம் 132 அம்பு. மூன்று விஷயம் கண்ணில் படும்: எல்லா அம்பும் போய்க் குவிகிற பிள்ளைகள், மூன்று பேர் ஒருவரையொருவர் மட்டுமே எழுதிய மூடிய வட்டங்கள், ஒரு அம்புகூடப் போகாத பிள்ளைகள்.

அ பக்கத்து இருவரும் உயிர்த் தோழிகளாக இருந்தால் குழுவுக்குள்ளேயே இரண்டுக்கு இரண்டு என்று பிரிந்துவிடும். நெருங்கிய ஜோடியைத் தவிருங்கள், முகம் பழகியவர்களாக இருந்தால் போதும். அதே நேரம் தான் எழுதிய மூன்று பெயரில் ஒன்றுகூடக் குழுவில் இல்லை என்ற நிலை பயந்த சுபாவமுள்ள பிள்ளைக்கு வரக் கூடாது. எல்லாருக்கும் பொருந்தி வராது, இரண்டு மூன்று சாயங்காலம் ஆகும். அந்த நேரத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள் டீச்சர், சுற்றுலாவின் பாதி வேலை இந்தத் தாளில்தான் இருக்கிறது.

பட்டியலைப் பத்து நாள் முன்னால் ஒட்டிவிடுங்கள். பஸ் ஏறும்போது சொன்னால் அழுகை, கோபம், போன் எல்லாம் அங்கேயே நடக்கும்.

வெளிப்படையாக ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் பிள்ளைகளின் செட்டு பிரிவால் மட்டும் அமைவதில்லை. தெரு, ஊர், சாதி எல்லாம் அதில் இருக்கும். நீங்கள் வரைகிற அம்புகளில் அது தெரிந்தால் யாரிடமும் பெயர் சொல்லிப் பேசாதீர்கள், குழுப் பட்டியலில் மட்டும் அதைக் கலையுங்கள். சாப்பாட்டிலும் கவனம் வேண்டும். டிபன் பாக்ஸ் கொண்டுவரச் சொன்னால் அன்றைக்கும் இரண்டு வட்டம்தான், யார் வீட்டில் என்ன என்பதும் தெரிந்துவிடும். எல்லாருக்கும் ஒரே சாப்பாடு: புளியோதரை, தயிர்சாதம், ஒரு ஊறுகாய். குழுவுக்கு ஒரு பெரிய தூக்கு, நான்கு தட்டு. தூக்கிலிருந்து அவர்களே போட்டுக்கொள்ளட்டும்.

---

பயணப்_பொறுப்பு

இருவரும் சொன்னதோடு நூறு சதம் ஒத்துப்போகிறேன். ஆனால் வெயிலும் கழிப்பறையும் சொதப்பினால் எந்தக் குழு வேலையும் நடக்காது. எரிச்சலில் இருக்கும் பிள்ளை தன் பழைய செட்டிடம்தான் ஓடும்.

நேரம்: 5.30க்கு வருகை, 6க்குக் கிளம்பல். மேலூர் வரை நாற்கரச் சாலையில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே. அரிட்டாபட்டியில் 8.45 முதல் 11 வரை. பதினொன்றுக்கு மேல் பாறை சுடும், ஜனவரியாக இருந்தாலும்தான். பஞ்சாயத்தில் முன்கூட்டியே சொல்லி, பாதை தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து அந்த இடம் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. லகர் வல்லூறு போன்ற பறவைகள் அந்தக் குன்றுகளில் இருக்கின்றன, குளிர்காலம் அவை கூடு கட்டும் காலம். கூச்சல் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குக் காரணத்தோடு சொல்லுங்கள். மேலே போனதும் ஐந்து நிமிஷம் ஒருவரும் பேசாமல் உட்காரச் சொல்லி, கேட்ட ஒலிகளை எண்ணச் சொல்லலாம்.

கழிப்பறை: 24 பெண் பிள்ளைகள், நிறுத்தத்தில் மூன்று அறை, ஆளுக்கு மூன்று நிமிஷம் என்றால் 24 நிமிஷம். "பத்து நிமிஷ பிரேக்" என்று எழுதியிருக்கும் திட்டமெல்லாம் இங்கேதான் கவிழும். போகும்போது ஒன்று, மதியம் ஒன்று, திரும்பும்போது ஒன்று, ஒவ்வொன்றுக்கும் அரை மணி. நாப்கின் பை ஒரு பெண் ஆசிரியையிடம் இருக்கிறது என்பதை முதல் நாளே பெண் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

தண்ணீர்: பெரியவர்கள் ஐந்து பேரோடு 49 பேர், தலைக்கு ஒன்றரை லிட்டர் என்றால் 74 லிட்டர் வரும். 20 லிட்டர் கேன் நான்கு. பாறை ஏறும்போது கையில் பாட்டில் நிரம்பியிருக்க வேண்டும்.

எண்ணிக்கை: 1 முதல் 44 வரை எண் கொடுங்கள். ஒரே குழுவில் இருப்பவர்களுக்கு அடுத்தடுத்த எண்கள், அதாவது முதல் குழு 1, 2, 3, 4. வரிசையாகக் கத்தினால் அரை நிமிஷத்தில் முடியும். ஒரு எண் விட்டுப்போனால் அந்தக் குழு மூன்று பேரும் உடனே திரும்பிப் பார்ப்பார்கள். "எங்க ஆளு வரலை சார்" என்று கலப்புக் குழுவிலிருந்து ஒரு குரல் வந்தால் பாதி வேலை ஆயிற்று.

பஸ்: இங்கே மற்றவர்கள் கோபித்துக்கொள்ளலாம், ஆனால் காலையில் போகும்போது பிடித்தவர்களோடு உட்கார விடுங்கள். விடிகாலைத் தூக்கம், வாந்திப் பயம் எல்லாம் இருக்கும்போது புது ஆளோடு ஒட்ட வராது. அரிட்டாபட்டியிலிருந்து கீழடி போகும் ஒரு மணி நேரப் பயணத்தில் மட்டும் குழுவாக உட்காரட்டும். மூன்றுக்கு இரண்டு இருக்கை பஸ் என்றால் ஒரு வரிசை ஒரு குழுவுக்கு, மீதி ஓர் இருக்கையில் பை. மூன்று பேர் இருக்கையில் மூன்று பிள்ளைகளை வைத்தால் இருவர் பேசுவார்கள், ஜன்னலோரம் இருப்பது வெளியே பார்த்துக்கொண்டே வரும். வரிசை போதாவிட்டால் கடைசி நீள இருக்கை. திரும்பும்போது எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று சொல்லிவிட்டு, யார் யாரோடு உட்கார்ந்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உண்மையான மதிப்பெண்.

பணம்: கட்டணத்தை ஒரே நாளில், ஒரே மாதிரி கவரில், ஒட்டி வாங்குங்கள். கட்ட முடியாதவர்களும் கவர் கொடுக்கட்டும், உள்ளே வெறும் பெயர்ச்சீட்டு இருந்தால் போதும். யார் கட்டினார், யார் கட்டவில்லை என்பது வகுப்புக்குத் தெரியக் கூடாது. கைச்செலவுக்கு எல்லாருக்கும் 50 ரூபாய், அதற்கு மேல் கூடாது. கிராமப்புற அரசுப் பள்ளி என்றால் வருஷத்துக்கு ஒருமுறை கல்விச் சுற்றுலாவுக்கு ரயிலில் இரண்டாம் வகுப்பில் 75 சதவீதச் சலுகை உண்டு. உங்கள் திட்டத்துக்கு பஸ்தான் சரிவரும், வேறு ஊருக்குப் போகிறவர்கள் நினைவில் வையுங்கள்.

பெற்றோர் ஒப்புதல் கடிதம், கல்வி அலுவலர் அனுமதி இரண்டும் எழுத்தில் இருக்கட்டும்.

---

பாறை_எழுத்து

கீழடி பற்றி விட்டுவிட்டேன். அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள், பொருள்களைத் தலைப்பு வாரியாகத் தனித்தனிக் கூடங்களில் வைத்திருக்கிறார்கள். இந்த அமைப்பு உங்களுக்கு வாகானது.

44 பேரும் ஒரே வரிசையில் போனால் முன்னால் நிற்கும் பத்துப் பேர் பார்ப்பார்கள், மீதிப் பேர் தள்ளிக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பதிலாக எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் 1971இல் டெக்ஸாஸின் ஆஸ்டினில் கறுப்பின, வெள்ளையின, மெக்சிகோ வழிப் பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்து படிக்கத் தொடங்கிய வகுப்புகளில் கொண்டுவந்த முறையைப் பயன்படுத்துங்கள். குழுவின் நால்வரும் நான்கு கூடத்துக்குப் பிரிந்து போக வேண்டும். ஒருவர் நீரும் வேளாண்மையும், ஒருவர் பானை, ஒருவர் நெசவும் அணிகலனும், ஒருவர் கடல் வணிகம். ஒவ்வொரு கூடத்திலும் 11 பேர் சேர்வார்கள், கலந்துதான் இருப்பார்கள். 35 நிமிஷம் பார்த்து, குறித்து, அதே கூடத்துக்காரர்களோடு சரிபார்த்துக்கொண்டு, தங்கள் குழுவுக்குத் திரும்ப வேண்டும்.

திரும்பி வந்ததும் ஒரே கேள்வி: "கீழடியில் ஒரு வீட்டின் ஒரு நாளை, விடியலிலிருந்து இரவு வரை எழுதுங்கள்." உறைகிணற்றில் தண்ணீர் எடுப்பதை நீர்க்கூடம் பார்த்த பிள்ளைதான் சொல்ல முடியும். சோறு எந்தப் பானையில், பானையில் கீறிய "ஆதன்" போன்ற பெயர்கள் யாருடையவை என்பது பானைக்காரருக்கு. தக்களியில் நூல் நூற்பது இன்னொருவருக்கு. சூதுபவள மணி எந்தத் திசையிலிருந்து வந்தது என்பது வணிகக்காரருக்கு. ஒருவர் சரியாகப் பார்க்காமல் வந்தால் அந்த வீட்டில் தண்ணீரே இருக்காது! மற்ற மூவரும் அவரைத் துருவித் துருவிக் கேட்பார்கள், "போ, இன்னொரு தரம் பார்த்துட்டு வா" என்று அனுப்பக்கூடச் செய்வார்கள். அதற்கும் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள்.

சொதப்புகிற இடம் இரண்டு. ஒன்று, தாளில் 20 கேள்வி அச்சடித்துக் கொடுப்பது. ஒருவர் எழுத மூவர் பார்த்து எழுதுவார்கள், சுவரைக்கூடப் பார்க்க மாட்டார்கள். இரண்டு, பரிசு அறிவிப்பது. "சிறந்த குழுவுக்குப் பரிசு" என்றால் 11 குழுவும் ஒன்றையொன்று மறைக்கும், இரண்டு செட்டுக்குப் பதில் பதினொரு செட்டு ஆகிவிடும். அன்று யாராவது வராமல் போனால் அந்தக் குழு மூவராகவே இருக்கட்டும், விடுபட்ட கூடத்தின் குறிப்பை அடுத்த குழுவிடம் கேட்டு வாங்கட்டும்.

அருங்காட்சியகத்துக்கு முன்னதாகவே போன் போட்டு விடுமுறை நாளையும் பள்ளிக் குழுவுக்கான நேரத்தையும் கேட்டுவிடுங்கள்.

---

வகுப்பாசிரியை_திருச்சி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இஞ்ச் டேப் இன்றைக்கே 11 வாங்கச் சொல்லிவிட்டேன். இரண்டு கேள்வி மிச்சம். துண்டுத் தாள் இன்று எழுதி வாங்கினேன், ஒரு பையன் பெயரை ஒருவர்கூட எழுதவில்லை. அவனை என்ன செய்வது? இன்னொன்று, திரும்பி வந்தபிறகு திங்கட்கிழமை பழையபடி நடைபாதைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் ஆகிவிடுமோ?

---

கணக்கு_சார்

அந்தப் பையனைத் தலைவன் ஆக்காதீர்கள். பலர் அக்கறையோடு செய்கிற தப்பு அது. பழக்கமில்லாதவன் அதிகாரம் செய்தால் மற்ற மூவரும் எரிச்சலாவார்கள். "இவனைப் பார்த்துக்கோ" என்று இன்னொரு பிள்ளையிடம் ஒப்படைக்கவும் வேண்டாம், அது அவன் காதுக்கு எட்டினால் குன்றிப்போவான். நிறைய அம்பு வாங்கிய பிள்ளைகளின் குழுவில் போட்டாலும் அவன் காணாமல் போவான். அமைதியாக, அடுத்தவர் பேசி முடிக்கும் வரை காத்திருக்கிற பிள்ளை ஒன்று எந்த வகுப்பிலும் இருக்கும். அந்தப் பிள்ளையின் குழுவில் போடுங்கள்.

கீழடியில் அவனுக்குப் பானைக் கூடம் கொடுங்கள். கீறல் குறிகளும் எழுத்துப் பொறித்த ஓடுகளும் பேச எளிதானவை, பார்த்ததை வரைந்து காட்டினாலே போதும். பேச்சு வராத பிள்ளைக்குக் கையில் ஒரு படம் இருந்தால் மூன்று தலை அதன்மேல் குனியும். முந்தின நாள் அவனிடம் அந்தக் குறிகளின் படம் ஒன்றை "நாளைக்கு இது எங்கே இருக்கிறதென்று பார்" என்று சாதாரணமாகக் கொடுத்துவையுங்கள். எல்லார் முன்னாலும் வேண்டாம்.

திங்கட்கிழமைக்கு: முதல் பீரியடை அந்தக் குழுக்களுக்கே கொடுங்கள். "ஒரு நாள்" கதையை முடித்து, கற்படுக்கை வரைபடத்தை அளவுத்திட்டத்தோடு பெரிய சார்ட்டில் போட வேண்டும். எட்டாவது நாள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக் காட்டுங்கள். பார்க்க ஆள் வருகிறது என்றால் வேலை தானாக ஓடும். ஒரு சார்ட்டுக்கு இருவர் நின்று விளக்கட்டும், ஒரு அ, ஒரு ஆ. அதன்பின் மூன்று வாரம் அறிவியல் லேபிலும் கணக்குப் பயிற்சியிலும் இதே நால்வர். அதற்கு மேல் இழுக்காதீர்கள், குழுவும் ஒரு செட்டாக இறுகிவிடும்.

போட்டோவையும் பாருங்கள். பிள்ளைகளுக்குப் போன் வேண்டாம். பள்ளி கேமரா ஒன்று, குழுவுக்குக் கால் மணி என்று கை மாறட்டும். கீழடியிலிருந்து கிளம்பும் முன் பட்டியலை வைத்து 44 பேரும் குறைந்தது இரண்டு படத்தில் இருக்கிறார்களா என்று சரிபார்த்துவிடுங்கள். சுவரில் ஒட்டிய படங்களில் தன் முகத்தைத் தேடிக் காணாத பிள்ளைக்கு அந்தச் சுற்றுலாவே இல்லை.

ஆறு வாரம் கழித்து அதே துண்டுத் தாள், அதே கேள்வி. 132 அம்பில் நடைபாதையைத் தாண்டியவை எத்தனை என்று இன்று வாங்கியதோடு ஒப்பிடுங்கள். இன்றைக்குப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்து, அன்று முப்பது வந்தாலே வகுப்பு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பையன் பெயரை ஒரே ஒருவர் எழுதியிருந்தால் அடுத்த பருவத்துக்கு அந்த இருவரையும் ஒரே பெஞ்சில் போடுங்கள். எண்ணி முடித்ததும் இரண்டு கட்டுத் தாளையும் கிழித்துப் போட்டுவிடுங்கள், ஸ்டாஃப் ரூம் மேசையில் கிடக்க வேண்டாம்.